நோயில்லாத செடிக்கு என் வீட்டு மட்டி

வாழைக்கு வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள். "கன்னுக்குக் காய்ச்சல் பாக்குக வேலையா? தெர்மாமீட்டர எங்க வைப்ப?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பதினான்கு வருஷமாக இந்த ஒரே கேலிக்குப் பல்லைக் காட்டியிருக்கிறேன். இப்போது யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தக்கலைக்கு மேற்கே ஒரு திசு வளர்ப்புக் கூடம். நல்ல தாய் வாழை ஒன்றின் குருத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, கண்ணாடிக் குப்பிக்குள் வளர்த்து, ஒன்றைப் பலவாக்கி, விவசாயிக்குக் கன்றாகக் கொடுக்கிற இடம். தாய்க்கு நோய் இருந்தால் அதன் பிள்ளைகள் அத்தனைக்கும் இருக்கும். அதனால் தாய் வாழையின் இலை முதலில் என்னிடம் வரும். அதை இடித்துச் சாறெடுத்து, சின்னச் சின்னக் குழிகள் வைத்த பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, மணிக்கணக்கில் காத்திருப்பேன். வைரஸ் இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தெளிந்து கிடக்கும். கடைசியில் 'நோயில்லை' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடுவேன். தூசி வரக்கூடாதென்று அந்த அறையின் ஜன்னலை ஆணியடித்து அடைத்திருந்தார்கள். வெளியே மழையா வெயிலா என்பதே டீ குடிக்க வந்தால்தான் தெரியும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. நோயில்லாத இலையின் சாறும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். எவ்வளவு மஞ்சளை நோய் என்று சொல்வது? அதற்காக ஒவ்வொரு தட்டிலும் நிச்சயமாக நோயில்லாத ஒரு செடியின் சாற்றையும் சேர்த்து வைப்போம். மெஷின் அதற்கு ஓர் எண் காட்டும். அந்த எண்ணுக்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் காட்டுகிற செடி நோயுள்ளது, அதற்குக் கீழே உள்ளது நல்லது. அந்த ஒரு நல்ல செடியை நம்பித்தான் மற்ற எல்லாச் செடிக்கும் தீர்ப்புச் சொல்வது.

சோதனைப் பெட்டியோடு அந்த நல்ல இலையின் பொடியும் ஒரு குப்பியில் வரும். ஒரு சமயம் அது தீர்ந்துவிட்டது, புதியது வரவில்லை. எங்கள் தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நாங்கள் அவரை ஸார் என்போம். "நம்பிக்கையான செடி ஏதாவது தெரிஞ்சா இலை கொண்டு வாங்க, அதுவரை அதை வைச்சு ஓட்டுவோம்" என்றார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வீட்டு மட்டி இருக்கு ஸார்" என்றேன்.

ஏன் அந்த மட்டி வாழைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் சிரிப்பீர்கள். அது ஆலயத்தில் ஏலம் எடுத்தது. எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் முதலானதை, குலை, தேங்காய், பலாச்சக்கை, சேவல், வாழைக்கன்று என்று பீடத்தின் முன்னால் கொண்டு வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். பழுதானதை யாரும் கொண்டுவர மாட்டார்கள். தப்பித்தவறி கொண்டுவந்தால் அடுத்த பண்டிகை வரை அந்தக் குடும்பத்தைப் பேசியே தீர்த்துவிடுவார்கள். எனக்குக் கல்யாணமான வருஷம் நானும் கணவரும் அங்கே ஒரு மட்டிக் கன்றை ஏலம் எடுத்துக் கிணற்றடியில் வைத்தோம். அது பக்கக்கன்று விட்டு, ஒன்று போனால் ஒன்று என்று, விரல் விரலாகப் பழம் தந்துகொண்டே இருந்தது.

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். வேலையே சந்தேகப்படுவது. ஆனால் அந்த வாழையைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்டவருக்குப் படைத்த கன்றையா சோதிப்பது? முதல் தட்டிலேயே அதன் குழியில் லேசான மஞ்சள் இருந்தது. வாழைச் சாறு அல்லவா, கறை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். மருந்துகள் மட்டும் வந்துகொண்டிருந்தன, பொடி வரவில்லை; அப்படியே மூன்று வருஷம் ஓடியது. காலையில் மதியச் சாப்பாட்டோடு ஓர் இலைத் துண்டையும் நனைத்த துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். பதிவேட்டில் 'நோயில்லாத செடி: மட்டி, என் வீடு' என்று அழகாக எழுதுவேன்.

இனி என் அண்ணனைப் பற்றி. பதினாறு வருஷம் கல்ஃபில் கம்பி கட்டினான். அவன் அந்த வெயிலில் நின்றதில்தான் நான் படித்தேன். முதுகெலும்பு விலகித் திரும்பி வந்தான். இனி பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் சும்மா கிடந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். பிறகு நாலு வயலைக் குத்தகைக்கு எடுத்து ஏத்தன் வாழை வைத்தான். மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரன் என்பார்கள். ஓணத்துக்கு வெட்டுகிற மாதிரி வைத்தால் கேரளத்து வண்டி வயலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"ஏட்டி, இது பிடிச்சிதுன்னா இங்கினயே இருந்திருவேன்" என்றான். "பிடிக்கல்லன்னா, ஏஜென்ட் ஒருத்தன் விசா வச்சிட்டு கூப்பிட்டுட்டே இருக்கான். போயிருவேன்."

"இந்த முதுக வச்சிட்டா?"

"முதுக இங்கின வச்சிட்டா போக முடியும்?" என்று சிரித்தான்.

கன்று எங்கள் கூடத்துக் கன்றுதான். அதோடு வந்த 'நோயில்லை' தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மோட்டார் அறையில் தொங்கவிட்டான். வருகிறவனையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் என் கையெழுத்தைக் காட்டுவான். "இது ஆருக்க ஒப்பு? எனக்க தங்கச்சிக்கதாக்கும்." எனக்குக் கூச்சமாக இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். பொய் சொல்வானேன்.

கன்று வைத்து ஆறு மாதம் ஆனபோது புதிய சோதனைப் பெட்டி வந்தது, அதன் நல்ல இலைப் பொடியோடு. என் மட்டி இலையைக் கைவிடும் முன் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு இப்படி ஒரு தொல்லை பிடித்த குணம். மதியம் தட்டை எடுத்தேன். அவர்கள் அனுப்பிய இலையின் குழி சும்மா தெளிவாக இருந்தது. பக்கத்தில் என் வீட்டு மட்டி மஞ்சளாக இருந்தது. எண்ணைப் பார்த்தேன். தெளிந்த குழியின் எண்ணுக்கு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அந்த மட்டிக்கு நோய் இருந்தது. கள்ளப் படிக்கல்லைத் தராசில் வைத்து மூன்று வருஷம் நிறுத்திருக்கிறேன். நோயுள்ள செடியை நல்லது என்று வைத்தபின், அதைப் போலவே நோய் பிடித்த தாய் வாழையெல்லாம் நல்லதாகத்தானே தெரியும்!

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போனேன். தண்டின் காய்ந்த சருகை உரித்தேன். உள்ளே பச்சை மட்டையில் சிவப்புச் சிவப்பாக நீளக் கோடுகள். இந்தத் தேமல் நோயைக் கொக்கான் என்பார்கள். மட்டி அதை வெளியே காட்டாமல் தாங்கிக்கொள்ளும். ஏத்தனுக்கு வந்தால் மட்டை விசிறிபோல் விரிந்து, பூவில் தேமல் விழுந்து, குலை சூம்பிப்போகும். பக்கத்து வயல்களுக்கு அசுவினிப் பூச்சி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பதினான்கு வருஷம் இதையே படித்துப் படித்துச் சொன்னவள், என் கிணற்றடியில் ஒரு சருகை உரித்துப் பார்க்கவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

மறுநாள் ஸாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "பெட்டி மாறினா அப்படித்தான் வரும். திரும்பப் போடுங்க" என்றார். போட்டேன். அதே மஞ்சள். "இன்னொரு தடவை." போட்டேன். அதே மஞ்சள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலை உயர்த்தாமல், "பதிவேட்டில் உங்க வீட்டுச் செடின்னு எழுதினது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "அவசரப்படாதீங்க. இந்த லோடு போகட்டும். அடுத்த பட்டத்துக்கு எல்லாத்தையும் புதுசா ஆரம்பிப்போம்."

அந்த லோடுக்கும் 'நோயில்லை' என்று நான் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், தெரிந்தபிறகுதான் போட்டேன். இதை எழுத மூன்று நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன். வெளியே லாரியில் கன்று ஏற்றுகிறவர்கள் "மக்கா, பைய, பைய" என்று சொல்வது கேட்டது.  எழுந்து ஓடினால் என்ன என்று நினைத்தேன். எங்கே ஓடுவது? ஓடினால் அண்ணனுடைய வயலில்தான் போய் நிற்க வேண்டும்.

அவனுடைய வாழைக்கு இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. எல்லாத் தாயுமா கெட்டிருக்கும்? அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே வயலுக்குப் போனேன். எங்கள் கன்று எப்படி வருகிறதென்று பார்க்க இலை வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னை வரப்பிலேயே நிறுத்திவிட்டு, முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அவனே வரிசை வரிசையாக நடந்து இலை கிழித்து வந்தான்.

"நல்ல மூடாப் பாத்து எடுத்திருக்கேன். நாலஞ்சு மூடு விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கு, அதுல எடுக்கல்ல. வெயிலாக்கும்."

அவன் நல்ல மூடு என்று சொன்ன அந்த வாழைகளின் இலையில் பாதிக்கு மேல் மஞ்சளாயிற்று. அறையில் யாரும் இல்லை. தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். பிறகு முழங்கையை மேஜைமேல் வைத்து நன்றாக அழுதேன்.

கணவரிடம் சொன்னேன். தக்கலையில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறார், அளந்து பேசுகிறவர். "ஒனக்கு வேல போனா கடையில வந்து இரி. ஒனக்க அண்ணனுக்கு வேற முதுகா வாங்கிக் குடுப்ப?" என்றார். வெளியே சொல்லாதே என்று அர்த்தம்.

ஆனாலும் அண்ணனிடம் மறைக்க முடியவில்லை. மோட்டார் அறை வாசலில் வைத்து, மட்டி வாழையில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சிரித்தான். உறையோடு அந்தத் தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இது என்ன எழுதியிருக்கு, வாசி. நீ சின்னப் பிள்ளயிலயே இப்பிடித்தான். பரீட்ச எழுதிட்டு வந்து தோத்துருவேன், தோத்துருவேன்னு அழுவ. பெறவு மொத மார்க்கு வாங்குவ. சவத்த விடு, போயி சாப்பிடு."

ஐயோ, அவன் என்னைத் திட்டியிருக்கலாம். வாசலோரம் நின்ற வாழையின் சருகை உரித்துக் காட்டினேன். சிவப்புக் கோடுகள். அவன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். அழியவில்லை. நிமிர்ந்து நாலா பக்கமும் பார்த்தான்.

"வேற ஆருக்காவது தெரியுமா?"

"ஸாருக்கும் எங்க வீட்டுலயும் தெரியும்."

"இந்த ஊர்ல?"

"இல்ல."

"அப்பம் ஓணம் வரைக்கும் வாய அடச்சிட்டு இரி. கெடைக்குற குலைய வெட்டிட்டு நானே மூட்டோட தோண்டிப் போட்டுருவேன். நான் இதுவர ஒங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனாட்டி?"

கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "செரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் ஒரு வாரம் போயிற்று. வேலைக்குப் போவேன், தட்டைக் கழுவுவேன், வருவேன். ஸார் என்னைப் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வார். கணவர் எனக்குப் பிடித்த மீன் வாங்கி வருவார். சொல்லாமல் இருப்பதற்கு எல்லோரும் எவ்வளவு உதவி செய்தார்கள் என்று நினைத்தால் இப்போதுகூடக் கோபம் வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலய முற்றத்தில் அண்ணனுடைய பக்கத்து வயல்காரர் என்னை நிறுத்தினார். எங்கள் அப்பா வயதுக்காரர். ஏத்தன் போடுகிறாராம். "ஒனக்க அண்ணன் பக்கக்கன்னு தாறேன்னு சொல்லியிருக்கான் மக்கா. நீ பாத்துத் தந்த வாழையில உள்ளதுதானே, அதுனால தைரியமா வைக்குகேன். நேத்தைக்கே பாதி எடுத்துட்டேன்" என்றார்.

எங்கள் ஊரில் அடுத்த வயல்காரன் கன்று கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. விலையும் வாங்க மாட்டார்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்பார்கள். நான் ஓரமாகப் போய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எப்பம் குடுத்த?"

"நேத்தைக்கு."

"நான் சொன்ன பெறவா?"

 "முன்னமே தாறேன்னு சொன்னதுட்டி. இப்பம் தரமாட்டேன்னா எதுக்குன்னு கேப்பாரு. நான் என்னத்த சொல்ல?"

என்னைப் போலவே பேசினான். ஸாரிடம் தலையாட்டிவிட்டு லோடுக்குக் கையெழுத்துப் போட்ட நானும் இதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இனி அந்தக் கிழவர் கையிலிருந்து அவருடைய மருமகன் வாங்குவார், அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போகும். நான் உள்ளே போகவில்லை. முற்றத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருத்தியிடம் நோட்டுத் தாள் ஒன்று வாங்கி, தோட்டக்கலை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மட்டி, பதிவேடு, லோடு, அண்ணனின் வயல், கிழவர் எடுத்த கன்று எல்லாம் எழுதினேன். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸார் மேஜையிலும் ஒரு பிரதி வைத்தேன். மாதக் கடைசியோடு எனக்கு வேலை நின்றது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அண்ணனிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் வேண்டாம் என்பான், நான் நின்றுவிடுவேன். அதுதான் உண்மை.

புதன்கிழமை தோட்டக்கலை ஆபீசர் வயலுக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். செய்தி எப்படியோ பரவி, சுற்று வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் வரப்பில் நின்றார்கள். பக்கத்து வயல் கிழவரும் நின்றார். குலை தள்ளத் தொடங்கியிருந்த நேரம். அண்ணன் ஒவ்வொரு வாழைக்கும் கம்பு ஊன்றி, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தான்.

"எனக்க வாழைக்கு ஒரு கேடும் இல்ல ஸாரே" என்று ஆபீசரிடம் சொன்னான். "எவனோ பொறாமையில எழுதிப் போட்டிருக்கான்."

ஆபீசர் என் பக்கம் திரும்பி, "நீங்களே காட்டுங்க" என்றார். அண்ணன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். நான் ஏன் வந்திருக்கிறேன் என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. நான் முதல் வரிசையில் ஒரு சருகை உரித்தேன். அடுத்ததில் உரித்தேன். பூவின் இதழை விரித்துத் தேமலைக் காட்டினேன். வரப்பில் நின்றவர்களில் ஒருவர் "ஆண்டவரே" என்றார். கிழவர் தன் வயலைப் பார்த்து வேகமாக நடந்தார்.

எல்லாவற்றையும் வெட்டிப் புதைக்க வேண்டும் என்று ஆபீசர் சொன்னார். இன்னும் நாலு மாதம் நின்றால் சுற்றிலும் ஒரு வாழை மிஞ்சாது என்றார். அண்ணன் மோட்டார் அறைக்குப் போய் வெட்டுக்கத்தியை எடுத்து வந்தான். எனக்கு முன்னால் வந்து நின்றான். முகத்தில் கோபமே இல்லை.

"எந்த வரியில இருந்து தொடங்கணும், மேடம்?"

 அவன் முதல் வரிசையிலிருந்தே தொடங்கினான். ஊன்றுகம்பின் கட்டை அவிழ்த்து, கம்பைத் தனியே சாத்தி வைத்துவிட்டு வெட்டினான். இரண்டாவது வரிசை பாதியில் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். நான் ஓடிப்போய்க் கத்தியைப் பிடித்தேன். அவன் விடவில்லை.

"தள்ளி நில்லுங்க மேடம். சேலையில கறை படும்" என்றான்.

பிறந்ததிலிருந்து ஏட்டி என்று கூப்பிட்டவன். நான் வரப்பில் போய் நின்றேன். கடைசி வாழை விழும்வரை அங்கேயே நின்றேன். ஆனியில் அவன் விமானம் ஏறிவிட்டான். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு போனான் என்று பக்கத்து வயல்காரர்தான் சொன்னார்.